நிட்டிங் லூம்: கண்ணி போடுவதும் ஓரம் கட்டுவதும்

பழைய பனியன் ஒன்றை எடுத்து, தைத்த விளிம்புகளை விட்டுத் தள்ளி, நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டால் துணி வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். நெடுக்காக வெட்டினால் உள்பக்கமாகச் சுருளும். எத்தனை முறை நீவிவிட்டாலும் மறுபடி சுருளும். திருப்பூரின் வட்ட நிட்டிங் மெஷின்களில் ஓடும் சிங்கிள் ஜெர்சி துணியின் இயல்பு அது. பனியனின் கழுத்தில் ரிப் என்னும் நெடுக்குக் கோடுகள்கொண்ட பின்னலை வைப்பதும், அடிவிளிம்பை மடித்துத் தைப்பதும் அதனால்தான்.

முளைகள் வரிசையாக நிற்கும் சட்டமான நிட்டிங் லூமில், கையால் முதல் ஸ்கார்ஃபைப் பின்னி இறக்கும்போது இதே இயல்புதான் எதிரே வந்து நிற்கும். அகலமாகப் பின்னியது கையில் குழாயாகச் சுருண்டு கிடக்கும். பின்னியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். கையில் குற்றமில்லை, நூல் தன் இயல்பைக் காட்டுகிறது, அவ்வளவே. கண்ணி, அதாவது பின்னலின் ஒவ்வொரு நூல் வளையமும், எத்தனை வகை என்று படிக்கும்போதே ஓரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொப்பியோ, ஸ்கார்ஃபோ, குழந்தைப் போர்வையோ, எதுவானாலும் முதல் கண்ணியை ஏற்றுமுன் ஓரம் என்ன என்று முடிவாகியிருக்க வேண்டும்.

லூம் என்றதும் கைத்தறி நினைவுக்கு வரலாம். தறியில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாகப் போகின்றன. இங்கே ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணியாக மேலேறிக்கொண்டே போகிறது. 1589-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை உருவாக்கினார். ஒரு கண்ணிக்கு ஓர் ஊசி என்பதே அதன் அடிப்படை. இன்றைய பனியன் மெஷினிலும் அதே அடிப்படைதான். நம் கையிலுள்ள லூமில் ஊசிக்குப் பதில் முளை இருக்கிறது, மோட்டாருக்குப் பதில் நம் விரல்கள்.

பரவலாகக் கிடைக்கும் வட்ட லூம்கள் நான்கு அளவில் ஒரு செட்டாக வருகின்றன: 24, 31, 36, 41 முளைகள். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு முளை கூடும், குறையும். 24 பச்சைக் குழந்தையின் தொப்பிக்கு, 31 சற்று வளர்ந்த குழந்தைக்கு, 36-ம் 41-ம் பெரியவர்களுக்கு. முளைகளின் பக்கத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழில்தான் நூலின் முனையைக் கட்டி நிறுத்துகிறோம். கூடவே ஒரு கொக்கியும், பெரிய காதுள்ள ஒரு பிளாஸ்டிக் ஊசியும் இருக்கும்.

முளைக்கும் முளைக்கும் நடுவிலுள்ள தூரம்தான் நூலின் கனத்தை முடிவு செய்கிறது. இந்தச் செட்டுகளில் அது ஏறக்குறைய முக்கால் அங்குலம். நம் ஊர் கடைகளில் சாதாரணமாக விற்கும் மெல்லிய உல்லன் நூலை இதில் ஒற்றையாகப் போட்டால் வலை போல ஓட்டை ஓட்டையாக வரும். இரண்டு இழையைச் சேர்த்துப் பிடியுங்கள். அதிலும் போதாவிட்டால் மூன்று. கடையில் "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கொடுப்பார்கள். பழகுவதற்கு அது நல்ல நூல்: மலிவு, அரிக்காது, தைரியமாகத் துவைக்கலாம். கறுப்பு, கருநீலம் மட்டும் முதலில் வேண்டாம். கண்ணியைக் கண்ணால் பார்த்துப் படிக்கிற கலை இது. வெளிர் நிறத்தில்தான் கண்ணி தெளிவாகத் தெரியும்.

24 முளை லூமில் ஒரு குழந்தைத் தொப்பியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோம். பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சராசரியாக 34, 35 செ.மீ. தொப்பி அதைவிட இரண்டு மூன்று செ.மீ. சிறியதாக இருந்து, இழுபட்டுப் பொருந்த வேண்டும்.

நூல் முனையைக் குமிழில் கட்டுங்கள். நூலை லூமின் உள்பக்கம் கொண்டுபோய், முதல் முளையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி உள்பக்கம் வந்து அடுத்த முளைக்குப் போங்கள். சுற்று முடியும் இடத்தில் நூல் முளையின் உள்பக்கத்தில் தன்மேல் தானே குறுக்கிடும். மேலிருந்து பார்த்தால் ஆங்கிலச் சிறிய 'இ' எழுத்துப் போலத் தெரிவதால் இதற்கு இ-ராப் என்று பெயர். எல்லா முளையையும் இப்படி ஒரு முறை சுற்றி, கீழே தள்ளிவிட்டு, இரண்டாம் முறையும் சுற்றுங்கள். இப்போது முளைக்கு இரண்டு கண்ணி. கீழ்க்கண்ணியைக் கொக்கியால் தூக்கி, மேல்கண்ணியையும் முளைத் தலையையும் தாண்டி உள்பக்கம் விடுங்கள். ஒரு கண்ணி பிறந்துவிட்டது. லூம் பின்னலின் பெரும்பகுதி இந்த ஒரே அசைவுதான்.

இ-ராப் சுலபம், விரைவாக வளரும். ஆனால் அதன் கண்ணி அடியில் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஊசியில் பின்னிய ஸ்வெட்டரில் வரிசையாகத் தெரியும் அழகான 'வி' வடிவம் இதில் அப்படியே வராது. ஒவ்வொரு 'வி'யின் காலும் குறுக்கிட்டிருக்கும். இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கனமான தொப்பிக்கு அந்த முறுக்கே ஒரு பிடிமானம். ஆனால் பல பேர் இ-ராப்பிலேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். இ-ராப் போலவே முன்பக்கம் 'வி' தெரியும் கண்ணிகளை நிட் என்பார்கள். இன்னும் மூன்று வகை நிட் கண்ணிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம்.

ஃப்ளாட் கண்ணியில் நூலை முளையைச் சுற்றுவதில்லை. முளையிலுள்ள கண்ணிக்கு மேலே, முளையின் முன்பக்கமாக நூலை நேராக வைத்து, கண்ணியை அதன்மேல் தூக்கி விடுகிறோம். முறுக்கில்லாத 'வி' வரும், ஆனால் எல்லாவற்றிலும் இறுக்கமானது இதுதான். நூலைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் அடுத்த சுற்றில் கொக்கி உள்ளே போகாது. யூ-ராப் அதற்குச் சற்று இளக்கம்: நூல் முளையின் முன்பக்கத்தை அணைத்து இரு பக்கமும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குறுக்கிடாது. நான்காவது அசல் நிட். கண்ணிக்கு மேலே நூலை வைத்து, கொக்கியைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, நூலைப் பிடித்துக் கண்ணி வழியாகக் கீழே இழுக்க வேண்டும். புதுக் கண்ணி கொக்கியில் இருக்கும்போதே பழையதை முளையிலிருந்து கழற்றிவிட்டு, புதியதை முளையில் மாட்டி, மெல்ல இழுத்து அமர்த்த வேண்டும். வேலை கொஞ்சம் கூடுதல். ஆனால் ஊசிப் பின்னலின் அதே கண்ணி, அதே நெகிழ்வு. ரிப் போடும் இடங்களில் நான் வேறெதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பர்ல் என்பது நிட்டின் மறுபக்கம். நிட்டில் நூல் கண்ணிக்கு மேலே இருந்தது, பர்லில் கீழே. கொக்கியை மேலிருந்து கீழாகக் கண்ணிக்குள் நுழைத்து, கீழேயுள்ள நூலைப் பிடித்து மேலே இழுங்கள். பழைய கண்ணியைக் கழற்றி, புதியதை மாட்டி, இறுக்குங்கள். முளையின் அடியில், உங்களைப் பார்த்தபடி ஒரு சின்ன மேடு தெரிந்தால் பர்ல் சரியாக விழுந்திருக்கிறது. தொடக்கத்தில் கை தடுமாறும்; பத்து முளை தாண்டுவதற்குள் அசைவு பிடிபட்டுவிடும். பர்லுக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்களுக்கு நல்ல ஓரம் கிடைக்காது. ஓரம் கட்டும் நுட்பங்களில் பெரும்பாலானவை பர்லை நம்பித்தான் இருக்கின்றன.

காரணம் சுருளுதலில் இருக்கிறது. கண்ணியில் நூல் வளைந்து நிற்கிறது. வளைந்த நூல் நிமிரப் பார்க்கும். வெறும் நிட்டாகப் பின்னினால் எல்லாக் கண்ணிகளும் ஒரே முகமாக நிற்கும். அந்த விசை எல்லாம் ஒரே பக்கம் சேரும். நடுத்துணியில் பக்கத்துக் கண்ணிகள் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. விளிம்பில் பிடிக்க ஆளில்லை, அதனால் சுருள்கிறது. பர்ல் கண்ணி எதிர்ப்பக்கம் இழுக்கும். நிட்டையும் பர்லையும் கலந்து வைத்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சமன் செய்து, துணி தட்டையாகப் படியும்.

அந்தக் கலவைகளில் மூன்றைக் கற்றால் பல வருடங்களுக்குப் போதும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போனால் கார்டர். ஒரே முளையில் எப்போதும் நிட், பக்கத்து முளையில் எப்போதும் பர்ல் என்று நெடுக்காக அடுக்கினால் ரிப். நிட்டின் தலையில் பர்ல், பர்லின் தலையில் நிட் என்று சதுரங்கக் கட்டம்போல மாற்றிப் போட்டால் சீட் ஸ்டிச்.

ஊசியில் ஏற்கெனவே பின்னத் தெரிந்தவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசியில் தட்டையாக, அதாவது வட்டமாகச் சுற்றாமல் போய்த் திரும்பிப் பின்னும்போது ஒவ்வொரு வரிசை முடிவிலும் துணியைத் திருப்புகிறோம். அதனால் எல்லா வரிசையும் நிட் போட்டாலே கார்டர் வந்துவிடும். லூமில் துணி திரும்புவதே இல்லை. முன்பக்கம் எப்போதும் வெளியே, நம்மைப் பார்த்தபடியே இருக்கிறது. கை மட்டும்தான் வலமும் இடமுமாகப் போய்வருகிறது. ஆகவே லூமில் எல்லா வரிசையும் நிட் போட்டால் கிடைப்பது சுருளும் துணிதான். ஊசிக்காக எழுதிய குறிப்பை வைத்துத் தட்டையாகப் பின்னினால், பின்பக்க வரிசைகளில் நிட் என்றிருப்பதைப் பர்லாகவும் பர்ல் என்றிருப்பதை நிட்டாகவும் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டப்படமாக இருந்தால் இன்னும் சுலபம்: படத்தில் தெரிவது முன்பக்கம், லூமில் தெரிவதும் முன்பக்கம். ஒரு வரிசையை வலமிருந்து படித்தால் அடுத்ததை இடமிருந்து படித்தால் போதும்.

முளைகளின் எண்ணிக்கைக்கும் கண்ணிக்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 24 முளை லூமில் ஒரு நிட், ஒரு பர்ல் என்று போட்டுக்கொண்டே சுற்றுங்கள். இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் நிட்டின் மேல் நிட்டே விழும், ரிப் கிடைக்கும். அதையே 31 முளை லூமில் நிறுத்தாமல் போட்டால், சுற்று முடியும் இடத்தில் ஒன்று தள்ளி, நிட்டின் மேல் பர்ல் விழும். எதையும் எண்ணாமலே சீட் ஸ்டிச் தானாக வந்துவிடும். இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்புக்கு நான்கால் வகுபடும் எண் வேண்டும்: 24-ம் 36-ம் சரி, 31-ம் 41-ம் ஆகாது. தொப்பிக்கு ரிப் விளிம்பு வேண்டும் என்று நினைப்பவர் லூமை எடுக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது நம் குழந்தைத் தொப்பியின் அடிவிளிம்புக்கு வருவோம். 24 முளையில் இரண்டு நிட், இரண்டு பர்ல் ரிப்பாக ஐந்தாறு சுற்று போட்டால் நெற்றியில் அழுத்தாமல் பிடிக்கும், சுருளாது. பர்ல் இன்னும் கைவராதவர்களுக்கு மடிப்பு விளிம்பு இருக்கிறது. அதில் நிட் மட்டும்தான், ஆனாலும் சுருளாது. துணி இரட்டையாகிவிடுவதால் சுருள வழியில்லை. விளிம்பு எவ்வளவு உயரம் வேண்டுமோ அதைப்போல் இரட்டிப்பு உயரம் இ-ராப்பில் பின்னுங்கள். பிறகு லூமின் உள்ளே தொங்கும் துணியின் அடியைப் பிடித்து, உள்பக்கமாகவே மேலே மடித்துக் கொண்டுவாருங்கள். முதன்முதலில் ஏற்றிய கண்ணிகள் அடிவிளிம்பில் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அதற்கு நேரான முளையில் மாட்டுங்கள். குமிழில் கட்டிய நூல் முனை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கினால் நேர் தவறாது. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் விளிம்பு கோணலாகும், ஆகவே மாட்டி முடித்ததும் 24-ம் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். பிறகு வழக்கம்போல் கீழ்க்கண்ணியை மேல்கண்ணிக்கு மேல் தூக்கி விட, மடிப்பு பூட்டிக்கொள்ளும். குளிருக்கு இந்த விளிம்புதான் காதுக்கு மேல் இரண்டு அடுக்காக நிற்கும்.

அதே மடிப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தால் பல் பல்லான அலங்கார விளிம்பு வரும். மடியப்போகும் நடுச்சுற்றில், இரண்டாம் முளைக் கண்ணியை எடுத்து முதல் முளையில் போட்டு, இரண்டையும் ஒன்றாகப் பின்னுங்கள். காலியான இரண்டாம் முளையில் வெறுமனே ஒரு இ-ராப் சுற்றிவிட்டுப் போங்கள். சுற்று முழுக்க இரண்டிரண்டாக இப்படியே. அடுத்த சுற்றில் எல்லா முளையும் வழக்கமான நிட். நடுவில் ஒரு வரிசைத் துளைகள் வந்திருக்கும். மடிக்கும்போது துளைகளின் நடுவே துணி மடிந்து சின்னச் சின்ன முனைகளாக எழும்பும். பெண் குழந்தைத் தொப்பி என்றால் இதைத்தான் கேட்பார்கள். ஆண் குழந்தைக்கும் அழகாகவே இருக்கிறது.

விளிம்பு முடிந்து, 13 செ.மீ. அளவுக்கு உடலைப் பின்னியதும் உச்சியை மூடலாம். நூலை லூமைச் சுற்றி இரண்டு முறை வரும் நீளத்துக்கு விட்டு வெட்டுங்கள். ஊசியில் கோத்து, ஒவ்வொரு முளைக் கண்ணிக்குள்ளும் விட்டு, சுற்று முடிந்ததும் கண்ணிகளைக் கழற்றி, சுருக்குப் பை போல இழுத்து மூடுங்கள். கனத்த நூலில் உச்சியில் ஓட்டை நிற்கும். அதைத் தவிர்க்க, கழற்றுவதற்கு முந்தின சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பக்கத்து முளைக்கு மாற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னிவிடுங்கள். 24 கண்ணி 12 ஆகும், உச்சி இறுக மூடும். பச்சைக் குழந்தைத் தொப்பியில் தாடைக்கடியில் கட்டும் கயிறும், பிய்ந்து வாய்க்குப் போகக்கூடிய குஞ்சமும் வேண்டவே வேண்டாம்.

ஸ்கார்ஃபுக்கு நான்கு ஓரம், அதனால் யோசனையும் கூடுதல். மேலும் கீழும் நான்கு முதல் ஆறு வரிசை கார்டர், இரு பக்கமும் மூன்று நான்கு முளை எப்போதும் கார்டர், நடுவில் விருப்பமான கண்ணி. இந்தச் சட்டகம் இருந்தால் நடுவில் நிட் மட்டும் போட்டாலும் துணி ஏறக்குறைய தட்டையாக நிற்கும். ஸ்கார்ஃப் முழுவதையுமே கார்டரிலோ சீட் ஸ்டிச்சிலோ பின்னிவிடுவது இதைவிட நிம்மதி. இரண்டும் தானாகவே படியும்.

பக்க விளிம்பு நேர்த்தியாகச் சங்கிலி போல வர ஒரு சின்ன வழி உண்டு. வரிசையின் கடைசி முளையைப் பின்னி முடித்துத் திரும்பும்போது, அதே முளைதான் அடுத்த வரிசையின் முதல் முளை. அதைப் பின்னாமல், நூலை அதன் பின்னால் விட்டு அடுத்த முளைக்குப் போய்விடுங்கள். கடைசி முளையை மட்டும் தவறாமல் நிட் போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இப்படிச் செய்தால் இரண்டு வரிசைக்கு ஒரு நீண்ட கண்ணி விளிம்பில் நின்று, சடை போலத் தெரியும். பின்னாளில் குரோஷா ஊசியால் ஓரம் கட்ட வேண்டுமென்றாலும் அந்தக் கண்ணிகளில் ஊசி தடையில்லாமல் நுழையும்.

தொடக்க ஓரமும் முடிவு ஓரமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்றால் இ-ராப்பில் கண்ணி ஏற்றாதீர்கள். அது தளர்ந்து கண்ணி கண்ணியாகத் தொங்கும். சங்கிலி முறையில் ஏற்றுங்கள். குரோஷா ஊசியில் ஒரு சுருக்குக் கண்ணியை மாட்டி, ஊசி லூமின் உள்ளேயும் நூல் வெளியேயும் இருக்கட்டும். முதல் இரண்டு முளைகளின் இடைவெளி வழியாக ஊசியை வெளியே நீட்டி, நூலைப் பிடித்து, ஊசியிலுள்ள கண்ணி வழியாக இழுங்கள். நூல் முதல் முளையை அணைத்துக்கொள்ளும். அடுத்த இடைவெளிக்குப் போய் இதையே செய்துகொண்டே போய், இறுதியில் ஊசியில் மிஞ்சும் கண்ணியைக் கடைசி முளையில் மாட்டிவிடுங்கள்.

பின்னி முடித்துக் கண்ணிகளை லூமிலிருந்து இறக்கும்போது முதல் இரண்டு முளையைப் பின்னுங்கள். இரண்டாவதின் கண்ணியை முதலாவதில் போட்டு, கீழ்க்கண்ணியை அதன்மேல் தூக்கி விடுங்கள். மிஞ்சிய கண்ணியை இரண்டாம் முளைக்கு மாற்றி, மூன்றாம் முளையைப் பின்னி, அதன் கண்ணியை இரண்டாவதில் போட்டு, மறுபடி தூக்கி விடுங்கள். இப்படியே கடைசி வரை போய், மிஞ்சும் ஒரே கண்ணிக்குள் நூல் முனையை விட்டு இழுத்தால் சங்கிலி விளிம்பு முடிந்தது. இந்த முடிப்பு இறுகிப்போவது வழக்கம்; ஸ்கார்ஃபின் ஒரு முனை மட்டும் குறுகித் தெரிந்தால் காரணம் இதுதான். இறக்கும் வரிசையில் மட்டும் அசல் நிட்டுக்குப் பதில் இ-ராப் போட்டால் தேவையான தளர்வு கிடைக்கும்.

ஏற்கெனவே சுருண்டுபோன ஸ்கார்ஃப் அலமாரியில் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். அக்ரிலிக் நூல் சூட்டில் உயிரிழந்து துவண்டுவிடும், அந்தப் பஞ்சுத்தன்மை திரும்ப வராது. ஓரத்தைச் சுற்றிக் குரோஷாவில் இரண்டு மூன்று வரிசை போட்டால் பெருமளவு அடங்கும். மேல் கீழ் விளிம்பில் கண்ணிக்கு ஒன்று வீதம் எடுங்கள். பக்கவாட்டில் வரிசைக்கு ஒன்று எடுத்தால் ஓரம் அலையலையாகிவிடும்; நிட் துணியில் நான்கு வரிசைக்கு மூன்று என்பதே சரியான கணக்கு. முனைகளில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று போட்டால் மூலை மடங்காமல் திரும்பும்.